எட்டு மணி மாத்திரை

செப்டம்பர் 4, புதன்

இன்று காலை ஏழே காலுக்கு என் மனைவி உலகம்மாளுக்குப் பக்கவாதம் வந்தது.

எங்கள் மசாலா மில் வாசலில் கொத்தமல்லி மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தாள். "அறுபத்து ரெண்டு" என்று சொல்ல வந்தவள் "அறு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நான் கணக்கு நோட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "அறுபத்து எத்தனைட்டி?" என்றேன். பதில் இல்லை. பார்த்தால் வாய் ஒரு பக்கமாகக் கோணி, வலது கை தொங்கி, மூட்டை மேலேயே சாய்ந்திருந்தாள்.

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் கேட்டார், எத்தனை மணிக்கு வந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று. உள்ளே ஒருவர் அதையே கேட்டார். மாடியில் மூன்றாவது ஆள் கேட்டபோது, "கீழே ரெண்டு பேரு எழுதிருக்காவ, போய் வாங்கிக்கிடும்" என்றேன். அவருக்குக் கோபம். பிபி மாத்திரை உண்டா என்றார். உண்டு, தலை வலித்தால் போடுவாள் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். அதைத் தினமும் போடவேண்டுமாம். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்று அங்கே நின்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

கூட இருப்பவருக்கு என்று பாரம் ஒன்று நிரப்பச் சொன்னார்கள். பெயர் கோமதிநாயகம். வயது அறுபத்தொன்று. தொழில், மசாலாப் பொடி மொத்த வியாபாரம். படிப்பு என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று போட்டேன். நோயாளி அவள், என் படிப்பு எதற்கு என்று தெரியவில்லை.

திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்குக் காட்டுவதற்காக, சாக்குக் கம்பெனிக்காரன் புது வருடத்துக்குக் கொடுத்த இந்த டைரியில் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைக்கப்போகிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஐசியூ. உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முழுங்க முடியவில்லை, தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். மருந்தெல்லாம் இப்போதைக்கு ஊசியில்.

மூக்குத்தியைக் கழற்றி ஒரு பேப்பரில் மடித்துத் தந்தார்கள்.

கேன்டீன் இட்லி சரியில்லை. சாப்பிடவில்லை.

செப்டம்பர் 7, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் மாடி, ஒன்பதாம் பெட். வலது கை, கால் கொஞ்சம் அசைகிறது. பேச்சு இல்லை. ஆனால் எல்லாம் புரிகிறது. மகள் பொன்னுத்தாய் பக்கத்தில் நின்று போனில் யாருக்கோ மிளகாய் வத்தல் விலையைச் சொன்னபோது, குறைவு என்று உலகம்மாள் முகத்தைச் சுளித்தாள். அதுவே பாதி உயிர் வந்தது போல இருந்தது. எனக்கு இல்லை, பொன்னுத்தாய்க்கு.

பிள்ளையார் சதுர்த்தி என்று சொந்தக்காரர்கள் கொழுக்கட்டையோடு வந்துவிட்டார்கள். மூக்கில் குழாய் போட்டிருப்பவளுக்குக் கொழுக்கட்டை! ஆளுக்கொரு வைத்தியம். புறா ரத்தம் தடவச் சொன்னார் ஒருவர். "புறாவுக்குப் பக்கவாதம் வந்தா யாரு ரத்தத்தைத் தடவும்?" என்று கேட்டேன். கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதையாவது வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

குழாய் அடைத்துக்கொண்டது.

வார்டில் இப்படித்தான் நடக்கிறது. குழாய் போட்டவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து, பெரிய சிரிஞ்சில் உறிஞ்சிக் குழாயில் விடுகிறார்கள். அதைச் செய்வது செல்வரூபி சிஸ்டர். நாசரேத் பிள்ளை, நல்ல பிள்ளை. இருபத்து நான்கு பெட்டுக்கு அவள் ஒருத்திதான். ஐந்து மாத்திரையையும் ஒரு பேப்பரில் மடித்து, ட்ரே விளிம்பால் நாலு தட்டுத் தட்டினாள். பாதி நொறுங்கியது, பாதி அப்படியே இருந்தது. அந்தக் கட்டி போய்க் குழாயில் உட்கார்ந்துகொண்டது.

பழைய குழாயை உருவிப் புதுசு சொருகினார்கள். மூக்கில் ரத்தம் வந்தது. உலகம்மாள் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது இரண்டு தடவை. இது மூன்றாவது.

"என்ன தாயி இது? இது பொடியா, குருணையா? எங்க மில்லுல இப்படி அரைச்சா ஆளை மாத்திப்புடுவோம்லா?" என்றேன்.

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு அண்ணாச்சி. பாக்கச் சகிக்கலைன்னா நீங்களே வந்து இடிங்க."

அவள் கோபத்தில் சொன்னாளோ கிண்டலில் சொன்னாளோ, நான் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் மருந்து இடிக்கிற ஒரு சின்னக் கல்வமும், ஜவுளிக்கடையில் சலிப்பதற்கு அரை மீட்டர் மல் துணியும் வாங்கி வந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

காலை 7.45. ஐந்து மாத்திரையையும் வாங்கி இடித்தேன். வார்டுக்கு மாத்திரை அட்டையாக வருவதில்லை. கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி ஒரு கவரில் வருகிறது. பெயர் பாதிதான் தெரிகிறது. ஒன்றின் மேல் கடைசியில் எஸ்.ஆர். என்று இரண்டு எழுத்து மட்டும் இருந்தது. கம்பெனி முதலாளியின் இனிஷியலாக இருக்கும்.

அந்த ஒரு மாத்திரைதான் மசியவே மாட்டேன் என்றது. மெழுகு மாதிரி வழுக்கியது. விரலி மஞ்சளை இடித்து முன்னுக்கு வந்தவன் நான், இதையா விடுவேன்? பத்து நிமிடம் நின்று அரைத்து, மல் துணியில் சலித்து, துணியில் தங்கியதை மறுபடி அரைத்தேன்.

8.00. குழாயில் விட்டோம். இளநீர் மாதிரி இறங்கியது.

"அண்ணாச்சி, மூஞ்சிக்குப் போடுற பவுடர் மாதிரில்லா இருக்கு!" என்றாள் ரூபி.

9.30. உலகம்மாள் நல்ல தூக்கம். பிபி 100. மருந்து பிடிக்கிறது.

இரவு 9.00. பிபி 180. சொந்தக்காரர்கள் வந்துபோனதால் இருக்கும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

என் பொடிக்கு வார்டில் நல்ல பேர். எட்டாம் பெட் தளவாயின் மகன் வந்து, "அப்பாவுக்கும் இடிச்சுத் தாங்க அண்ணாச்சி" என்றான். பதினொன்றாம் பெட்டுக்கும் கேட்டார்கள். இடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நல்ல ஓட்டம்.

8.00 மாத்திரை. 9.30 பிபி 92. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், மூடுகிறாள். இரவு 188.

டாக்டர் வந்து சார்ட்டைப் பார்த்தார். ஏறி இறங்குகிறது என்றார். இதைத்தான் நான் வத்தல் மார்க்கெட்டில் முப்பது வருடமாகச் சொல்கிறேன், யாரும் எனக்கு பீஸ் தந்ததில்லை. இதயத்தைப் படம் எடுக்கச் சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறதாம். ராத்திரி பிபி அதிகமாக இருப்பதால் அந்த எஸ்.ஆர். மாத்திரையை நாளை மறுநாளில் இருந்து இரட்டிப்பாக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கல்வத்தை எடுத்தாலே உலகம்மாள் இடது கையால் தட்டிவிடுகிறாள். பொடி என் வேட்டியில் கொட்டியது. சிந்தாததை மட்டும் கலக்கினேன். பிடிவாதம். கையில் வலு இருந்தால் என் மண்டையில் ஒன்று போடவும் செய்வாள்.

செப்டம்பர் 11, புதன்

8.00 மாத்திரை. 9.30 பிபி 84. இரவு 196. இரண்டு தடவை கல்வத்தைத் தட்டிவிட்டாள். திட்டிவிட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

8.00 மாத்திரை, இரட்டை டோஸ். மாவாக அரைத்தேன்.

9.10. நெற்றியில் குப்பென்று வியர்த்தது. கை ஐஸாக இருந்தது. "ஏட்டி, ஏட்டி" என்று உலுக்கினேன். முழி மேலே போனது. ரூபி ஓடி வந்து கையைப் பிடித்தவள் அப்படியே கத்தினாள். நாடி 38. பிபி 60.

கட்டிலோடு உருட்டிக்கொண்டு ஓடினார்கள். லிப்ட் வரவில்லை. நான் லிப்ட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது வந்து அவள் போன பிறகும் அமுக்கிக்கொண்டு நின்றேன் போலிருக்கிறது. வாட்ச்மேன் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

மறுபடி ஐசியூ. ஊசி மேல் ஊசி. நாடி ஏறவில்லை என்றால் இதயத்துக்கு வயர் போட்டுத் துடிக்க வைக்கவேண்டும், அதுவும் இந்த நிலையில் உத்தரவாதம் சொல்லமுடியாது என்றார் டாக்டர். ஏன் இப்படி என்றேன். "அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். ரிஸ்வானா. மேலப்பாளையம். ஆஸ்பத்திரி மருந்தாளுநர். நோயாளிக்கு எந்த மருந்து எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலையாம். அப்படி ஒரு வேலை இருப்பதே எட்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது.

"மாத்திரையைக் குழாய்ல எப்படிக் குடுத்தாங்க சார்?"

"இடிச்சுத்தான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"யாரு இடிப்பாங்க?"

வார்டில் இடிப்பார்கள் என்றேன். அது பொய் இல்லை. வார்டில்தானே இடித்தேன்.

அவள் எழுதிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

காலையில் மூன்றாம் மாடியில் வேறு சிஸ்டர். ரூபி எங்கே என்றேன். மேனேஜர் ரூமில் விசாரணையாம், டூட்டிக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

உள்ளே உலகம்மாளின் நாடி 44. இன்று காலை மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

பத்து மணிக்கு ரிஸ்வானா மறுபடி வந்தாள். கையில் சார்ட்.

"சார், ஒரு சந்தேகம். எட்டாம் தேதி குழாய் அடைச்சு மாத்திருக்காங்க. அதுக்கு அப்புறம் ஒருக்கா கூட அடைக்கலை. நாலு நாளா! அந்த வார்டுல வாரத்துக்கு ரெண்டு குழாய் மாத்துவோம். சிஸ்டர் இடிச்சா இவ்வளவு நைசா வராது. இது யாரு இடிச்சது?"

முப்பது வருடமாக, "இவ்வளவு நைசா யாரு அரைச்சது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். இன்று பையைத் திறந்து கல்வத்தையும் மல் துணியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இந்த டைரியையும் கொடுத்தேன்.

அவள் நின்றுகொண்டே படித்தாள். எட்டு மணிக்கு மாத்திரை, ஒன்பதரைக்கு இறக்கம், ராத்திரி ஏற்றம். மூன்று நாளும் அதே, நான்காம் நாள் ஒன்பது பத்துக்கே. நானே எழுதியது. முப்பது வருடமாக விலை ஏறி இறங்குவதைப் பார்த்தே சரக்கு வாங்குகிறவன். என் கையெழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. படித்தேனா இல்லையா என்று எனக்கே இப்போது நிச்சயமில்லை.

"இந்த எஸ்.ஆர். மாத்திரை ஒரு நாள் பூரா கொஞ்சங்கொஞ்சமா கரையணும்னு செஞ்சது சார். முழுசா முழுங்குனா காலைல இருந்து மறுநாள் காலை வரைக்கும் அளந்து அளந்து மருந்தை விடும். மசியாம வழுக்குச்சுன்னு எழுதிருக்கீங்கள்லா, அது அதுக்குத்தான். நீங்க அதை மாவாக்கிட்டீங்க. ஒரு நாள் மருந்து அம்புட்டும் ஒரு மணி நேரத்துல ரத்தத்துல இறங்கிருச்சு. சாயங்காலத்துக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல."

"அதான் ராத்திரி ஏறுச்சா?"

"அதான். அதைப் பாத்துட்டு டாக்டர் டோஸைக் கூட்டுனாரு. நீங்க கூட்டுனதையும் மாவாக்குனீங்க."

எனக்கு யாரும் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வருடம் பூராவும் விற்கவேண்டிய சரக்கை ஒரே சந்தையில் கொட்டினால் காலையில் விலை படுத்துவிடும், சாயங்காலம் கடையில் சரக்கு இருக்காது. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கும் தெரிந்த கணக்கு.

"அஞ்சுல ஒண்ணு வயித்துப் புண்ணுக்குன்னாவளே, அந்த மாத்திரை?"

"அதுக்கு மேல பூச்சு இருக்கும். வயித்து ஆசிட்டைத் தாண்டிக் குடலுக்குப் போய்க் கரையணும்னு. இடிச்சதுனால ஆசிட்டுலயே வீணாப் போயிருக்கும். சுண்ணாம்பு குடுத்த மாதிரிதான்."

"எட்டாம் பெட்டுக்கும் பதினொண்ணுக்கும் நான்தான் இடிச்சேன்மா. முதல்ல அங்க போய்ப் பாரு."

அவள் முகம் மாறியது. ஓடினாள். பதினொன்றுக்குப் பாதகமில்லை. எட்டாம் பெட் தளவாய்க்கு ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையிலும் அந்தப் பூச்சு உண்டாம், அது போனால் வயிற்றைப் புண்ணாக்குமாம். மூன்று நாளாக வயிறு எரிகிறது என்று அவர் முனகியதற்கு, கேன்டீன் சாம்பாரைத் திட்டிக்கொண்டிருந்தோம், நானும் சேர்ந்து.

பிறகு படிக்கட்டில் இருந்த ரூபியையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போய் அவள் முன்னால் சொன்னேன். "இடிச்சது நான். நேத்து மழுப்புனதும் நான்."

ரூபி, "நான்தான அண்ணாச்சி இடிக்கச் சொன்னேன்" என்று அழுதாள்.

"நீ கோவத்துல சொன்ன. கோவத்துல சொன்னதுக்கெல்லாம் கல்வம் வாங்குனா, என் பொண்டாட்டி சொன்னதுக்கு நான் எத்தனை தடவை கிணத்துல குதிச்சிருக்கணும்?"

அழுகையோடு சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

நாடி 62. வயர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

குழாய்க்கு வேறு மருந்து. சிலது திரவம். பிபிக்குச் சாதாரண மாத்திரை, எஸ்.ஆர். இல்லாதது, நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்து. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கரைத்து, நடுவில் தண்ணீர் விடவேண்டுமாம். நான் ஐந்தையும் சேர்த்துக் கரம் மசாலா போட்டிருந்தேன்.

இட்லி சாப்பிட்டேன். நாலு.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை 128. இரவு 134. இதைவிட நல்ல செய்தி இந்த டைரியில் கிடையாது.

செப்டம்பர் 18, புதன்

முழுங்கிப் பார்க்கும் பரிசோதனை. ஒரு ஸ்பூன் கெட்டியான கஞ்சி. இருமல் வரவில்லை. இரண்டாவது ஸ்பூன். மூன்றாவதுக்கு அவளே வாயைத் திறந்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்வம், மல் துணி, எஸ்.ஆர்., எட்டாம் பெட், எல்லாம். கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு வாயைக் கோணிக்கொண்டு இழுத்து இழுத்துச் சொன்னாள்:

"தட்... டி... விட்டேன்லா."

பதினான்கு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. ஆமாம் என்றேன்.

"தல... சுத்துச்சு. ஒவ்... வொரு நாளும். அந்தப் பொடி... போனதும்."

"எனக்கு எப்படிட்டித் தெரியும்? நீ வாயைத் திறந்து சொல்லலையே."

இடது கையால் என் மண்டையில் ஒன்று போட்டாள். வலு வந்துவிட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி

டிஸ்சார்ஜ்.

காலையில் மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். நோயாளியின் கணவர், செவிலியருக்குத் தெரியாமல், தன்னிச்சையாக மாத்திரையைப் பொடித்ததால் நேர்ந்தது, ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பில்லை என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் ஐசியூ பில்லில் கொஞ்சம் பார்க்கலாம் என்றார்.

"பில்லை முழுசா வாங்கிக்கிடும். இடிச்சது நான், அதை எழுதும், கையெழுத்துப் போடுதேன். 'தெரியாமல்'னு எழுதாதீரும். இருபத்து நாலு பெட்டுக்கு ஒரு பிள்ளையை விட்டது யாரு? பேரு தெரியாம மாத்திரையை நறுக்கி அனுப்புனது யாரு? மருந்தாளுநர் மேல ஏறி வர எட்டு நாளாச்சே, அது யாரு? எல்லாம் நேரத்தோட எங்கிட்ட இருக்கு" என்று டைரியைத் தட்டிக் காட்டினேன்.

"அண்ணாச்சி, இதுல உங்க தப்பும் இருக்கே."

"அதனாலதான் சொல்லுதேன். இதுல எனக்கு ஒளிக்க ஒண்ணும் இல்லை. உமக்கு?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வியாபாரத்தில் எதிராளி உட்கார்ந்துவிட்டால் பாதி முடிந்தது. அரை மணி நேரம் பேசினோம். ரூபி அதே வார்டில் தொடர்வாள், கூட இன்னொரு சிஸ்டர். மாத்திரையை நறுக்கினாலும் முழுப் பெயர் தெரியும்படிதான் வரும். யாருக்குக் குழாய் போட்டாலும் அன்றைக்கே ரிஸ்வானா சீட்டைப் பார்த்து, இடிக்கலாம், இடிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அது வரைக்கும் வார்டில் யாரும் எதையும் இடிப்பதில்லை, அண்ணாச்சியாக இருந்தாலும்.

நான் பேனாவைத் திறந்தேன். உலகம்மாள் கட்டிலில் இருந்து, "அவரும்... போடட்டும்" என்றாள். நான் மறந்தே போய்விட்டேன். மேனேஜரும் போட்டார்.

காரில் வரும்போது அவள் தன் பேச்சை ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி இருக்கும் பாளையங்கோட்டையையே தாண்டவில்லை, அதற்குள். நாளைக்குக் காலையில் கடைக்கு வருவாளாம். டாக்டர் மூன்று மாதம் ஓய்வு என்றாரே என்றேன். டாக்டரா மல்லி எடை போடுவார் என்றாள். ஒரு மாதம் கழித்து வா என்றேன். திங்கட்கிழமை என்றாள். இரண்டு வாரம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மானூர் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. இந்தப் பதினாறு நாளில் அவள் பேசாமல் இருந்ததும் இதுவும் ஒன்றில்லை. இது நன்றாக இருந்தது.

ஊர் எல்லையில் பேசி முடித்தோம். பத்து நாள் கழித்துக் கடை. மூன்று மாதம் வரை அரை நாள் மட்டும், உட்கார்ந்த இடத்தில், மூட்டை தூக்குவதில்லை. பிபி மாத்திரை தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் தினமும். அதை அட்டையில் இருந்து எடுப்பது அவள், பேரை உரக்கப் படிப்பது நான், முழுசாக முழுங்குவது அவள். அவள் வேண்டாம் என்று கையால் தட்டிவிட்டால், ஏன் என்று கேட்காமல் நான் நிறுத்தவேண்டும்.